கள்ளுக்கடையை மூட வந்த வரி

தமிழ்நாடு அரசில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று ஒன்று இருக்கிறது. பெயரின் முதல் பாதி குடியை நிறுத்தச் சொல்கிறது, அடுத்த பாதி குடியில் வரி வாங்கச் சொல்கிறது. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது இந்தத் துறை சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். இணையத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் ஒரு அட்டவணை வரும். 2023-24ஆம் ஆண்டுக்கு நேராக மூன்று எண்கள்: ஆயத்தீர்வை 10,774 கோடி ரூபாய், மதிப்புக்கூட்டு வரி 35,081 கோடி, மொத்தம் 45,855 கோடி.

செய்தித்தாள்கள் மொத்தத்தைத்தான் தலைப்பாக்கும். எனக்கு அந்த நடு எண்தான் உறுத்தியது. சாராயத்துக்கென்றே இருக்கும் வரி ஆயத்தீர்வை. அது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் மதிப்புக்கூட்டு வரி, அதாவது பழைய விற்பனை வரியின் இன்றைய பெயர். ஒரு காலத்தில் சோப்புக்கும் சீப்புக்கும் சைக்கிளுக்கும் போட்ட அதே வரி. ஒரு மென்பொருளில் எங்கோ ஓர் எண் ஒத்துவரவில்லை என்றால் அந்த வரி எந்தத் தேதியில், யார் கையால், எதற்காக உள்ளே வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம் இல்லையா, அப்படி இதையும் தேடிக்கொண்டு போனால் 1939இல் போய் நிற்கிறது. கொண்டுவந்தவர் ராஜாஜி. காரணம், மதுவிலக்கால் விழும் துண்டை அடைக்க.

கள்ளுக்கடையை மூடுவதற்காக வந்த வரி இன்று டாஸ்மாக் பணம் கஜானாவுக்குள் நுழையும் பெரிய வாசல். இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டம். கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், சாராயத்துக்குத் தீர்வை. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுத்தாக வேண்டும், அதனால் குடிக்கவைப்பது அவர் பொறுப்பு. சர்க்கார் கை படாமலே பணம் வரும். 1930களில் மதராஸ் மாகாணத்தின் வருவாயில் ஏறக்குறைய கால்பங்கு இப்படி வந்ததுதான்.

இதில் ஒரு கண்ணி வைக்கப்பட்டிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் லண்டன் சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. கல்வி, சுகாதாரம் போன்ற செலவு பிடிக்கும் துறைகள் அவர்களுக்கு. கூடவே அப்காரியும். நிலவரி, போலீஸ் எல்லாம் ஆளுநர் பக்கமே இருந்தன. பள்ளிக்கூடம் கட்ட நினைக்கும் அமைச்சர் தன் கையிலிருக்கும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதில் கள்ளுக்கடைக் காசு இருக்கும். யாரோ உட்கார்ந்து சதி செய்து இப்படி வைத்தார்களா, தானாக அமைந்ததா என்பது முக்கியமில்லை. சபலம் என்றால் ஒரு மனிதனின் மனசுக்குள் இருக்கும் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறோம். அரசாங்க விஷயத்தில் அது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வருகிற ஆள் யோக்கியனாக இருந்தாலும் அதே பக்கத்தைத்தான் புரட்ட வேண்டும்.

காந்திக்கு இது புரிந்திருந்தது. 1937இல் காங்கிரஸ் மாகாணங்களில் ஆட்சிக்கு வந்தபோது, குடிப்பணத்தில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற நிலைமையை அவர் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் கடுமையாகத் தாக்கினார். அவர் கண்ட தீர்வு விசித்திரமானது. பள்ளிக்கூடமே தன் செலவைத் தானே சம்பாதிக்கட்டும். பிள்ளைகள் ஒரு கைத்தொழில் வழியாகப் படிக்கட்டும். அந்த அக்டோபரில் வார்தா மாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்வித் திட்டத்துக்குப் பின்னால் கல்விக் கொள்கை மட்டும் இல்லை, கள்ளுக்கடை பட்ஜெட்டும் இருந்தது.

அதே அக்டோபர் 1ஆம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ராஜாஜி பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள்). ஏன் சேலம்? அவர் ஊர். தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் வைத்து, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குக் கைகொடுத்த இளைஞர் கல்கி. தமிழின் மிகப் பெரிய தொடர்கதை எழுத்தாளர் குடிக்கு எதிரான பிரச்சாரக் கதைகளில் கை பழகினார் என்பது இலக்கியம் படிப்பவர்கள் அவ்வளவாகப் பேசாத விஷயம்.

மாகாணம் முழுவதும் ஒரே நாளில் மூடவில்லை. முதலில் சேலம், 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடு. ஒரு மாவட்டத்தில் செய்து பார், ஓட்டை எங்கே என்று கவனி, பிறகு அடுத்த மாவட்டத்துக்குப் போ. இன்றைக்கு என் வேலையில் இதற்கு ஏகப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவருக்கு இது வெறும் நிர்வாக ஜாக்கிரதை.

ஆனால் ஒவ்வொரு மாவட்டத்தை மூடும்போதும் கஜானாவில் ஓர் ஓட்டை விழும். அதை எதை வைத்து அடைப்பது? 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குக் கொடுத்திருந்த வரிப் பட்டியலில் யாரும் சரியாகத் தொடாத ஒரு வரி இருந்தது: பொருள்கள் விற்பனை மீதான வரி. ராஜாஜி அதை எடுத்தார். 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாப் பொருளுக்குமான முதல் விற்பனை வரி அதுதான். ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்பவருக்கு வரி இல்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் போனால் அரை சதவீதம்.

அரை சதவீதம்தான். அதற்கே வணிகர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், அதுவரை பெரும்பாலான கடைக்காரர்களிடம் வந்து கணக்கு நோட்டைக் காட்டு என்று சர்க்கார் கேட்டதில்லை. அரை சதவீதத்தைவிட அந்த நோட்டுதான் அவர்களைச் சுட்டிருக்கும். மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. உற்பத்தியாளர் செய்யும் முதல் விற்பனைக்கு வரி போட்டால் அது மாறுவேடத்தில் இருக்கும் உற்பத்தித் தீர்வை, அது எங்கள் அதிகாரம் என்று வழக்காடியது. 1942இல் போத்து பைதண்ணா வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விற்பனை வரி வேறு, தீர்வை வேறு. முதலில் சொன்ன அந்த அட்டவணையில் இரண்டும் தனித்தனிப் பத்திகளாக நிற்பதற்கான சட்ட அடிப்படை அங்கே இருக்கிறது.

ராஜாஜியின் ஒழுக்கவாதம் எனக்கு ஒத்துவராது. ஆனால் இந்த ஓர் இடத்தில் அவரை மெச்சாமல் இருக்க முடியவில்லை. கள்ளுக்கடையை மூடுகிறேன் என்று சொல்வது சுலபம். அதனால் வரும் நஷ்டத்தை இன்னாரிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு சட்டத்தை எழுதி, அந்த இன்னார் தன் கட்சிக்கே பணமும் ஓட்டும் கொடுக்கும் வணிகர்கள் என்று தெரிந்தும் நிறைவேற்றியது சுலபமில்லை. மதுவிலக்கு வாக்குறுதி கொடுத்த பிற்காலத்து அறிக்கைகள் எதிலாவது இந்த இரண்டாவது பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

முழுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். மரம் ஏறிப் பிழைத்தவர்களின் தொழில் ஒரே சட்டத்தில் போனது. பதநீர் இறக்கு, வெல்லம் காய்ச்சு என்றார்கள், கள்ளில் கிடைத்த காசு அதில் கிடைக்காது. 1953இல் இதே ராஜாஜி, காசு இல்லாமல் அதிகப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறேன் என்று பள்ளியை அரைநாளாக்கினார். மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, அடுத்த ஆண்டு அவர் பதவியையே கொண்டுபோன திட்டம். வார்தாவின் பழைய வாதம் அதில் கேட்கிறது. சபலத்தை மறுப்பவர்கள் கொடுக்கும் விலையும் சில சமயம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பிலிருந்துதான் போகிறது.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. போருக்கு நடுவே, ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. கடைகள் திரும்பத் திறந்தன. விற்பனை வரி? அது அப்படியே இருந்தது.

இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதே மாதிரிதான். மது வருமானத்துக்குப் பதிலாக வந்தது விற்பனை வரி. மது திரும்ப வந்தபோது பதில் ஆள் வீட்டுக்குப் போகவில்லை. இப்போது இரண்டு வருமானம். தற்காலிகமாக எழுதிய நிரலைத் தூக்கியெறியும் தைரியம் எங்கள் தொழிலில் யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. கஜானாவில் மட்டும் எப்படி இருக்கும்?

சுதந்திரத்தை ஒட்டி மதுவிலக்கு மறுபடி வந்தது. 1946 முதல் மாவட்டம் மாவட்டமாக விரிந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும். அடுத்த 23 ஆண்டுகள் இந்த மாநிலம் மது வருமானம் இல்லாமல் நடந்தது. அதில் காமராஜரின் 9 ஆண்டுகளும் அடக்கம். பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, அணைகள் எல்லாம். டாஸ்மாக் இல்லாவிட்டால் நலத்திட்டமே இல்லை என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அதற்காக அது பொற்காலம் என்று சொல்லமாட்டேன். கள்ளச்சாராயம் இருந்தது, வழக்குகள் குவிந்தன, போலீஸுக்கு மாமூல் போனது. மாநிலத்தின் செலவும் இன்றைய அளவில் ஒரு துளி. ஆனாலும் மது இல்லாமல் ஓர் அரசு மூச்சுவிட முடியும் என்பதற்கு இதே மண்ணில் 23 ஆண்டு அத்தாட்சி இருக்கிறது. மூச்சுக்காற்று? விற்பனை வரிதான். 1959இல் அதற்குப் புதுச் சட்டம் எழுதினார்கள், வேலை அதேதான்.

1967இல் திமுக வந்தது. அண்ணா மதுவிலக்கைத் தொடவில்லை. ஆனால் 1968இல் அரசு லாட்டரி வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. இதைவிட அழகாகச் சபலத்தை விற்ற வாசகம் தமிழில் இல்லை. வாங்குகிறவனின் ஆசைக்கும் விற்கிறவனின் மனசாட்சிக்கும் ஒரே வரியில் சமாதானம் சொல்லிவிட்டது.

1971 பற்றிப் பேசும்போது கருணாநிதியை வில்லனாக்குவது வழக்கம். நான் அதற்குத் தயாரில்லை, ஏனென்றால் அவர் கையில் ஒரு நல்ல வாதம் இருந்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு வருவாய் இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதாக மத்திய அரசு சொன்னது. ஏற்கெனவே மதுவிலக்கு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும்? ஒன்றுமில்லை. நேற்றுவரை குடித்து இன்றைக்கு நிறுத்துகிறவனுக்குப் பரிசு, இருபது வருஷமாகத் தொடாதவனுக்கு வெறும் கை. சுற்றிலும் நெருப்பு வளையம், நடுவே கற்பூரம், எத்தனை நாள் பற்றாமல் இருக்கும் என்பது அவர் சொன்ன உவமை. ஆந்திராவும் கேரளாவும் மைசூரும் பாண்டிச்சேரியும் விற்றுக்கொண்டிருந்தன. நம்மவர் எல்லை தாண்டிப் போய்க் குடித்தால், வரி அங்கே, வயிறு இங்கே.

இந்த வாதத்தில் எந்தப் படி தப்பு? ஒன்றுமே இல்லை. அதுதான் சிக்கல். அரசாங்கத்தின் சபலம் தப்பான வாதமாக வருவதில்லை, எல்லாப் படியும் சரியாக இருக்கும் வாதமாக வருகிறது. 92 வயது ராஜாஜி முதலமைச்சரை நேரில் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் போனார் என்று சொல்வார்கள். மழை நனைத்த அந்தச் சித்திரம் நிலைத்துவிட்டது. அவர் வைத்திருந்த பதில் கணக்கு, அதாவது அந்த வருமானத்துக்குப் பதிலாகத்தான் இன்னொரு வரியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன் என்பது, யார் நினைவிலும் இல்லை. 1971 ஆகஸ்ட் 30 அன்று மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. விற்பனை வரி ஒத்திவைக்கப்படவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அதே கருணாநிதி 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக் கடைகளையும் மூடினார். அதற்குள் எம்ஜிஆர் கட்சியை விட்டுப் போய் இதையே பிரச்சாரமாக்கியிருந்தார் என்பதும் உண்மை. எதுவாக இருந்தாலும், ருசி கண்ட பிறகு ஒரு அரசு தானே திறந்த கடையை மூன்று ஆண்டுக்குள் மூடியது தமிழக வரலாற்றில் அந்த ஒரு தடவைதான் இவ்வளவு முழுசாக நடந்தது.

அப்புறம் வேகமாகப் போகலாம். 1977இல் எம்ஜிஆர், கடுமையான மதுவிலக்கு. 1981இல் அவரே கள்ளையும் சாராயத்தையும் திறந்தார். 1982இல் சத்துணவு. 1983இல் டாஸ்மாக், அப்போது மொத்த விற்பனைக்கு மட்டும். 1987 முதல் நாளில் கள்ளும் சாராயமும் மறுபடி போயின, பாட்டில் மது நின்றது. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதற்குத் தடை. கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் விழுவது மரத்திலிருந்தோ சட்டியிலிருந்தோ வருவது, நிற்பது ஆலையிலிருந்து வருவது. வரி வாங்க எது தோதோ அது பிழைத்தது. பனையிடம் பில் கேட்க முடியாது.

2003ஆம் ஆண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்தார். ஏழைகளின் குடும்பங்களை அழிக்கிறது என்பது காரணம். அதே ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. தனியார் ஏலதாரர்கள் கூட்டுச் சேர்ந்து அரசுக்கு நஷ்டம் உண்டாக்குகிறார்கள் என்பது காரணம். ஒரே ஆண்டு, ஒரே அரசு, இரண்டு காரணமும் உண்மை. பட்டம் படித்த பிள்ளைகள் சூப்பர்வைசர், சேல்ஸ்மேன் வேலைக்கு வரிசையில் நின்றார்கள். 2003-04இல் சுமார் 3,640 கோடியாக இருந்த வருமானம் 2011-12இல் 18,081 கோடி.

ஏன் இந்தப் பணம் மட்டும் இவ்வளவு இனிக்கிறது? 1939இல் அரை சதவீதத்துக்கு வணிகர் சங்கங்கள் எழுந்தன. குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் எந்தச் சங்கம் எழும்? குடிப்பவனுக்குச் சங்கம் கிடையாது, கூச்சம்தான் உண்டு. முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொள்வான். பஸ் கட்டணம் ஏற்றினால் ஆட்சிக்கு ஆபத்து, பால் விலை ஏற்றினால் மறியல், இதற்கு மட்டும் ஓர் அரசாணை போதும். செலவோ வேறு இடத்தில் போய் விழுகிறது: அரசு மருத்துவமனையின் கல்லீரல் வார்டில், நகைக்கடன் சீட்டில், பள்ளியை விட்டு நின்ற பெரிய பெண்ணின் வேலையில். வரவு ஒரு துறையின் அட்டவணையில், செலவு எந்த அட்டவணையிலும் இல்லாத வீடுகளில். வரவும் செலவும் ஒரே பக்கத்தில் வந்திருந்தால் யாராவது நிதித்துறைச் செயலாளர் என்றைக்கோ கையை உதறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூடினால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்குக் கள்ளக்குறிச்சி இருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் ஒன்று: அது டாஸ்மாக் திறந்திருந்த மாநிலத்தில், டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாத மனிதர்களுக்கு நடந்தது. கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பது 1971லிருந்து சொல்லிவரும் வாதம். விலை முழுக்க வரியாக இருக்கும்போது அந்த வாதத்தின் காலை அரசே வாரிவிடுகிறது.

விற்பனை வரிக்கு வருவோம். 2007 முதல் நாளில் அது மதிப்புக்கூட்டு வரியாகப் பெயர் மாறியது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. மாநிலங்கள் விற்பனை வரி போடும் அதிகாரத்தை ஏறக்குறைய முழுவதும் விட்டுக்கொடுத்தன. சோப்பு, சீப்பு, சைக்கிள் எல்லாம் டெல்லியில் உட்காரும் கவுன்சிலின் மேசைக்குப் போயின. மாநிலம் தன் இஷ்டத்துக்கு விகிதம் வைக்கக்கூடியவையாக மிஞ்சியவற்றில் பெரியவை இரண்டு: பெட்ரோல், டீசல் வகை ஒன்று, குடிக்கும் மது இன்னொன்று. மதுவை விட்டுவிடுவதற்காக ராஜாஜி கண்டுபிடித்த கருவியில் எல்லாப் பொருளும் கழன்றுபோய், கடைசியில் அது கெட்டியாகப் பிடித்திருப்பது மதுவை. அதனால்தான் அந்த நடு எண் 35,081 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கால்பங்கை ஒட்டி வருகிறது இந்த மொத்தப் பணமும். 1937இல் ராஜாஜி உட்கார்ந்தபோது இருந்த விகிதத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம், நடுவில் 80 ஆண்டும் இரண்டு வரியும் செலவானதுதான் மிச்சம்.

சேலம் மாவட்டத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் மதுவிலக்கு என்றன. சில படிப்படியாக என்றன, சில உடனே என்றன. எந்த வரியால் ஈடுகட்டுவோம் என்ற கேள்வி தேர்தல் மேடைகளில் சூடுபிடிக்கவே இல்லை. 2016இல் வென்ற ஜெயலலிதா முதல் நாளே 500 கடைகளை மூட ஆணையிட்டார். 2017இல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2020இல் ஊரடங்கு நாற்பது நாளுக்கு மேல் எல்லாக் கடைகளையும் மூடிவைத்தது. மே 7 அன்று திறந்தார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கி 16ஆம் தேதி மறுபடி திறந்தது. 2023 ஜூன் 22 அன்று மு.க.ஸ்டாலின் அரசு 500 கடைகளை மூடியது. மிஞ்சியவை 4,829.

அந்த மூடலுக்கு முந்தைய ஆண்டு வருமானம் 44,121 கோடி. மூடிய ஆண்டு 45,855 கோடி. அதற்கு அடுத்த ஆண்டு 48,344 கோடி.